நண்பர்களோடு மாதாமாதம் கறி சாப்பிடப் போகிறோம், பில்லைச் சமமாகப் பிரிப்பதா, அவரவர் தின்றதற்கு அவரவர் கொடுப்பதா?

நீங்கள் கூட்டத்தில் கொஞ்சமாகச் சாப்பிடுகிற ஆள் என்று நினைக்கிறேன். நிறையச் சாப்பிடுகிறவனுக்கு இந்தச் சந்தேகம் வராது.

இரண்டும் வேண்டாம். முறை வையுங்கள். இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர். முறைக்காரர் மொத்தத்தையும் கொடுப்பார், கடையையும் அவரே சொல்வார். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம். காரைக்குடியில் எங்கள் ஐந்து பேர் கூட்டம் பத்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஓடுகிறது. எனக்குச் செக்காலை ரோட்டில் பெயின்ட் கடை. ஒருவன் புதுவயல் அரிசி ஆலையில் கணக்கு, ஒருவன் வக்கீல் குமாஸ்தா, ஒருவர் கல்லூரி ஆசிரியர், இன்னொருவன் தேவகோட்டையிலிருந்து வண்டியில் வருவான்.

“ஆம்பளைங்க மட்டும் ஊர் சுத்துறீங்களா” என்று கருத்துப் பெட்டியில் கேட்கப் போகிறவர்களுக்கு: எங்கள் வீட்டுப் பெண்கள் எங்களைவிட நன்றாகவே தனியாகப் போய் வருகிறார்கள். அவர்கள் பில்லை எப்படிக் கட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள்.

பணத்தைவிட நாள் பிடிப்பதுதான் இங்கே பெரும்பாடு. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. ஆசிரியர் வியாழனும் விரதம் என்று சேர்த்துக்கொண்டார், குருவுக்காம். அமாவாசை, கிருத்திகை தனி. புரட்டாசி முழுக்கப் போச்சு. கார்த்திகை பிறந்தால் ஒருவன் ஐயப்பனுக்கு மாலை போடுவான், ஒருவன் வீட்டில் பிள்ளையார் நோன்பு இருபத்தொரு நாள், அது முடிந்ததும் தைப்பூசத்துக்குப் பழநி நடை. மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் காப்புக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையிலும் கூட்டம், உட்கார்ந்து பேச முடியாது. கழித்துப் பார்த்தால் புதன்கிழமை மிஞ்சும். புதன்கிழமைக்கு ஏதாவது சாமி வந்துவிடக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொள்வது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களோடு படித்த ஒருவன் இப்போது டெக்சாஸில் இருக்கிறான். அங்கே அவனுக்கும் ஒரு கூட்டம் உண்டு, மாதம் ஒருநாள் ராத்திரி ஸ்டேக் கடைக்குப் போவார்களாம், அதாவது நெருப்பில் வாட்டின மாட்டுக்கறித் துண்டு. போன வருஷம் லீவுக்கு வந்தவனை எங்கள் புதன்கிழமைக்குக் கூப்பிட்டோம். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மெஸ். தட்டில் கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள்: சுக்கா, மூளை, ஈரல், கோலா உருண்டை, காடை, நண்டு. கையைக் காட்டினால் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். கடைசியில் கிண்ணத்தை எண்ணித்தான் பில்.

நன்றாகத்தான் சாப்பிட்டான். பில்லையும் முந்திக்கொண்டு அவனே கட்டிவிட்டான். மறுநாள் காலையில் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு கணக்கு வந்து விழுந்தது. ஏதோ செயலியில் போட்டிருக்கிறான். எனக்கு இவ்வளவு, குமாஸ்தாவுக்கு இவ்வளவு, காசு வரைக்கும். “அங்க எல்லாரும் இப்படித்தான் மாப்ள, யாருக்கும் மனசுல ஒண்ணும் இருக்காது” என்று கீழே ஒரு வரி வேறு.

அவன் சொன்னது அங்கே சரிதான். ஸ்டேக் கடையில் ஆளுக்கு ஒரு துண்டு. எந்தப் பாகத்துக் கறி, எத்தனை அவுன்ஸ், எந்தப் பதத்தில் வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் அடுப்பில் போடுவார்கள். 12 அவுன்ஸ் என்றால் நம் கணக்கில் 340 கிராம். அந்தத் தட்டில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். பில்லையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். அவரவர் பில்லில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது டிப்ஸ் வைத்துவிட்டு எழுந்துவிடலாம்.

எங்கள் மேஜையில் கிண்ணம் நடுவில் இருக்கிறது. கோலா உருண்டை நாலு பேர் கைக்குப் போகிறது. சுக்காவில் கறியை ஒருவன் எடுக்க, அடியில் ஒட்டின மசாலாவை இன்னொருவன் தோசையால் வழித்துவிடுகிறான். இதை எந்தச் செயலி பிரிக்கும்? புதுவயல்காரன் குழுவிலேயே எழுதிவிட்டான்: “நல்லி எலும்பை உறிஞ்சினது நீ. அதை யார் கணக்குல எழுதியிருக்க?” பதில் இல்லை. குமாஸ்தா மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை அனுப்பிவிட்டு இரண்டு மாதம் வரவில்லை. அன்றைக்கு முறை அவனுடையது. சீட்டிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தானாம். நாங்கள் போய்க் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தான்.

டெக்சாஸ்காரன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போதும் அங்கே ஸ்டேக் சாப்பிடும்போது படம் அனுப்புவான், உள்ளே சிவப்பாக. அது ரத்தம் இல்லை, மயோகுளோபின் என்கிற புரதம் என்று விளக்கமும் சொல்வான். உண்மைதான், நானும் படித்துப் பார்த்தேன். குமாஸ்தா அனுப்பிய பதில்: “பேரு எதுவா வேணா இருக்கட்டும், திரும்ப அடுப்புல வை.”

“சம்பளம் குறைவானவனும் மொத்த பில்லைக் கட்டுவது நியாயமா?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் கடை முறைக்காரன் இஷ்டம் என்று வைத்திருக்கிறோம். கையில் காசு இல்லாத மாதம் தள்ளுவண்டிப் பரோட்டா, சால்னா. ஆசிரியர் கறி தொட மாட்டார், கூட்டத்துக்காகத்தான் வருகிறார். அவர் முறையில் எங்கள் எல்லோருக்கும் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும்தான். மற்றவன் முறையில் அவருக்குத் தோசை போதும். ‘அப்ப அவருக்கு மிச்சம்தானே’ என்று கணக்குப் போடுகிறவர் எங்கள் கூட்டத்தில் ஒருநாள் தாங்க மாட்டார்.

ஒன்று சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. ஊரில் புதிதாக ஒரு குளுகுளு ஓட்டல் திறந்தார்கள், தேவகோட்டைக்காரன் முறைக்கு அங்கே போனோம். பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி., சரி, அது சட்டம். அதற்கு மேல் சேவைக் கட்டணம். கேட்காமல் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியாகிவிட்டது. சொன்னேன், எடுத்துவிட்டார்கள். பிறகு போன் நம்பர் கொடுத்தால்தான் பில் அடிக்க முடியும் என்றான் கல்லாப் பையன். நான் பெயின்ட் டப்பா விற்கிறேன், எவன் நம்பரைக் கேட்டேன்? தேவகோட்டைக்காரன் வெள்ளந்தியாகக் கொடுத்துவிட்டான். இப்போது விடிவதற்குள் அவன் போனுக்கு ‘பிரியாணி வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று வருகிறது. புரட்டாசிச் சனிக்கிழமையும் வந்தது.

உங்கள் கூட்டத்தில் குடிக்கிறவர்கள் இருந்தால் நான் சொன்ன முறை செல்லாது. அந்த பில் மட்டும் தனியாக, குடித்தவர் கையிலிருந்தே போகட்டும். எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் அதற்கு மேல் சொல்லத் தெரியாது.