சொகுசு க்ரூஸ் புக்கிங்: ஏஜென்ட் எங்கே உதவுவார், எங்கே தேவையில்லை? (கேள்வி பதில்)

கேள்வி: சார், கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே எல்லாம் இருக்கிறது. நடுவில் ஏஜென்ட் வந்தால் அவருக்கும் சேர்த்து நாம்தானே கொடுக்க வேண்டும்?

பதில்: இல்லை. ஏஜென்ட்டின் கமிஷனைக் கப்பல் நிறுவனம்தான் கொடுக்கிறது. நீங்கள் நேரடியாகப் போனாலும் பெரும்பாலும் அதே விலைதான்; கமிஷன் தொகை நிறுவனத்திடமே தங்கிவிடும், உங்களுக்குக் குறைத்துத் தர மாட்டார்கள்.

கமிஷன் பொதுவாக 10 முதல் 16 சதவீதம். அதுவும் மொத்த பில்லுக்கு இல்லை. துறைமுகக் கட்டணம், வரி, 'இதற்குக் கமிஷன் இல்லை' என்று நிறுவனமே ஒதுக்கி வைக்கும் ஒரு பகுதி, இவ்வளவும் கழிந்த பிறகுதான் கணக்கு. 12,000 டாலர் பில்லில் 2,000 அப்படிக் கழிந்தால், மீதி 10,000க்கு 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,400 டாலர். அவர் உங்களுக்காகச் செலவிடும் நேரம், கொடுக்கும் சலுகை எல்லாம் இந்த 1,400க்குள்தான். இதைத் தெரிந்துகொண்டால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் நடக்காது என்று புரிந்துவிடும்.

சில ஏஜென்ட்டுகள் திட்டமிடும் வேலைக்குத் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். நீங்கள் பாதியில் கேன்சல் செய்தால் பல நேரங்களில் அவருக்குக் கமிஷனே வராது என்பதால் அது நியாயம்தான். பின்னால் திரும்பி வருமா, பில்லில் கழிக்கப்படுமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: விலை ஒன்றுதான் என்றால் எனக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும்?

பதில்: இரண்டு வழிகளில் கிடைக்கும்.

முதலாவது, ஏஜென்சிகளின் கூட்டமைப்பு. வர்ச்சுவோசோ, சிக்னேச்சர், என்சாம்பிள் போன்றவை பல ஏஜென்சிகளின் மொத்த வியாபாரத்தைக் காட்டிக் கப்பல் நிறுவனங்களிடம் பேரம் பேசுகின்றன. தேர்ந்தெடுத்த பயணங்களில் கப்பலில் செலவழிக்கும் கிரெடிட், துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கும் ஒரு கரைச் சுற்றுலா, கூடவே பயணம் செய்யும் ஓர் ஒருங்கிணைப்பாளர் என்று ஏதாவது சேரும். இவற்றில் பெரும்பாலானவை நேரடி புக்கிங்கில் வராது.

இரண்டாவது, குரூப் கட்டணம். ஏஜென்சி ஒரு பயணத்தில் சில கேபின்களை முன்கூட்டியே குரூப் விலையில் பிடித்து வைத்திருக்கும். அதில் ஒரு கேபினை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். குரூப்போடு சுற்ற வேண்டியதில்லை. விலை ஏறிய பிறகும் பழைய விலை அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. 'இந்தத் தேதியில் உங்களிடமோ உங்கள் கூட்டமைப்பிடமோ குரூப் கேபின் இருக்கிறதா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பல ஏஜென்ட்டுகள் அதைத் தேடிப் பார்ப்பதே இல்லை.

கிரெடிட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செலவாகாத மீதியைப் பணமாகத் திருப்பித் தருவது ஒரு வகை. பயணம் முடிந்ததும் காலாவதியாவது இன்னொரு வகை. மதுவும் டிப்ஸும் கட்டணத்திலேயே அடங்கிய கப்பலில் இரண்டாம் வகை கிரெடிட் 1,000 டாலர் கையில் இருந்தால், கடைசி இரவு கடையில் தேவையில்லாத நகை வாங்குவதில்தான் போய் முடியும். எந்த வகை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஒருவர் கமிஷனில் பெரும்பகுதியை எனக்கே தருகிறேன் என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எந்தக் கப்பல், எந்த கேபின் என்பது உங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் புயலால் பாதை மாறும்போதும் விமானம் ரத்தாகும்போதும் அவர் போனை எடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். 1,400ல் 1,000ஐக் கொடுத்துவிட்டவர் மீதி 400க்கு எவ்வளவு உழைக்க முடியும்? முதல் முறை போகிறவர்களுக்கு இந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: கேபினைப் படம் பார்த்து நாமே தேர்ந்தெடுக்கலாமே. இதில் ஏஜென்ட் என்ன செய்யப்போகிறார்?

பதில்: கேபினைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் பெரும்பாலும் உங்கள் டெக்கை, அதாவது உங்கள் கேபின் இருக்கும் தளத்தை மட்டும்தான் காட்டும். பார்க்க வேண்டியது அதற்கு மேலும் கீழும் உள்ள டெக்குகளை.

நீச்சல் குளத்துக்கு நேர்கீழே இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். தியேட்டருக்கோ இசை அரங்குக்கோ மேலே என்றால் நள்ளிரவுவரை தாளம். சமையற்கூடத்தை ஒட்டி இருந்தால் தள்ளுவண்டிகள். முன்பக்கத்துக் கீழ் டெக்கில் நங்கூரச் சங்கிலியும், கப்பலைக் கரையோடு அணைக்கும் முன்பக்க உந்திகளும் காலை 6 மணிக்கே எழுப்பிவிடும். பின்பக்கம் காட்சி அழகு. ஆனால் சில கப்பல்களில் அதிர்வு தெரியும். கடல் ஒவ்வாமை உள்ளவருக்குக் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ் டெக். பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இருந்தால் பேச்சு கேட்கும். தனிமை வேண்டுவோர் அதைத் தவிர்க்கலாம். உயிர்காப்புப் படகு பாதிக் காட்சியை மறைப்பது சில கேபின்களில் மட்டும்தான், அதே விலை வகைக்குள்ளேயே மறைக்காத கேபினும் இருக்கும்.

மேலும், பல நிறுவனங்களில் ஏஜென்ட் முன்பணம் இல்லாமலே ஒரு கேபினைச் சில நாட்கள் பிடித்து வைக்க முடியும். வீட்டில் எல்லோரிடமும் கேட்டு முடிவெடுக்க அந்த அவகாசம் பெரிய உதவி.

'கேபின் எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும்' என்ற மலிவு வகையை எடுத்தால் இந்தத் தேர்வெல்லாம் போய்விடும். இரண்டு குடும்பங்கள் அருகருகே இருக்க விரும்பினால் அது கூடவே கூடாது.

கேள்வி: புக் செய்த பிறகு விலை இறங்கினால்?

பதில்: இறுதித் தவணை கட்டும் நாளுக்கு முன் என்றால் பெரும்பாலும் புதிய விலைக்கு மாற்றலாம். சொகுசுக் கப்பல்களில் அந்த நாள் புறப்பாட்டுக்கு 90 முதல் 150 நாட்கள் முன்பு வரும். நீண்ட பயணங்களில் அதற்கும் முன்பே. அதன் பிறகு பணமாகக் கிடைப்பது அரிது; கிரெடிட்டோ மேல்வகை கேபினோ கேட்டுப் பார்க்கலாம். தானாக யாரும் குறைத்துத் தர மாட்டார்கள், நல்ல ஏஜென்ட் அவ்வப்போது பார்த்துக் கேட்பார். மாற்றும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: புதிய விலையில் பழைய சலுகைகள் நீடிக்கிறதா? 300 டாலர் குறைத்து 500 டாலர் கிரெடிட்டை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: 'எல்லாம் அடக்கம்' என்று எல்லா நிறுவனமும் சொல்கிறது. எப்படி ஒப்பிடுவது?

பதில்: ஒவ்வொருவர் சொல்லும் 'எல்லாம்' வேறு. ரீஜென்ட் செவன் சீஸில் பெரும்பாலான கரைச் சுற்றுலாக்கள் கட்டணத்திலேயே அடங்கும். சீபோர்னில் பானங்களும் டிப்ஸும் அடக்கம், கரைச் சுற்றுலாவுக்குத் தனிப் பணம். வைக்கிங் கடல் பயணங்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலாவும், சாப்பாட்டு நேரத்தில் ஒயினும் பீரும் வரும். ஆகவே கட்டணத்தோடு டிப்ஸ், பானம், சுற்றுலா, விமானம், விமான நிலையப் போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டி, இரவுகளால் வகுத்துப் பாருங்கள். ஏஜென்ட்டிடம் இந்த அட்டவணையைக் கேளுங்கள். போட்டுத் தர மறுப்பவர் வேண்டாம்.

கேள்வி: ரோம், பாரிஸ், வெனிஸ் என்றெல்லாம் ஒரே பயணத்திட்டத்தில் இருக்கிறதே. கப்பல் அங்கேயே போகுமா?

பதில்: போகாது. ரோம் என்றால் சிவிட்டாவெக்கியா, நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பாரிஸ் என்றால் லே ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். பெர்லின் என்று போட்டிருந்தால் அது வார்னமுண்டே. ரயிலில் ஒரு வழிக்கே சுமார் 3 மணி நேரம். வெனிஸ் இன்னும் சிக்கல். 25,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய்க்குள் வர 2021 ஆகஸ்ட் முதல் தடை. அதனால் 'வெனிஸ்' என்று அச்சிட்ட பயணம் மார்கேராவிலோ, சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி ராவென்னாவிலோ திரியெஸ்டேயிலோ தொடங்கலாம். ஹோட்டலைப் புக் செய்யும் முன் துறைமுகத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விசாவும் இதோடு சேர்ந்தது. கிரீஸில் ஏறி, துருக்கியின் குஷாடாசி போய், மறுபடி கிரீஸ் வந்தால் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பு) எல்லையை விட்டு வெளியே போய்த் திரும்புகிறீர்கள். விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் பலமுறை நுழையும் விசா வேண்டும். ஏட்ரியாட்டிக் கடலிலும் அப்படித்தான்: குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் இருக்கிறது, நடுவில் வரும் மாண்டிநீக்ரோவின் கோட்டோர் வெளியே இருக்கிறது. கரையில் இறங்கவே மாட்டேன் என்றாலும் நிறுவனம் விசா கேட்கலாம். விசா இல்லை என்று ஏற்ற மறுத்தால் பணம் திரும்பாது. ஏஜென்ட்டிடம் உங்கள் பாஸ்போர்ட்டின் நாட்டை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணம் எடுக்கலாமா? லாஸ் ஏஞ்சல்ஸ் முதல் வான்கூவர், பிறகு வான்கூவர் முதல் அலாஸ்கா.

பதில்: தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. சேர்த்தால் வேறு கதை. வேற்று நாட்டில் பதிவாகி அந்த நாட்டுக் கொடியில் ஓடும் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது, நடுவில் தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருந்தால் ஒழிய. இது 1886ஆம் ஆண்டுச் சட்டம். கனடா அந்தக் கணக்கில் தொலைதூரம் ஆகாது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறி, அதே கப்பலில் தொடர்ந்து, அலாஸ்காவின் சீவர்டில் இறங்கினால் அதிகாரிகள் அதை ஒரே பயணமாகத்தான் பார்ப்பார்கள். இணையதளம் இரண்டையும் தனித்தனியாக விற்றுவிடும். பிழை பிறகு தெரியவந்து ஒன்றை ரத்து செய்வார்கள், அதற்குள் விமான டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். வான்கூவரில் வேறு கப்பலுக்கு மாறினால் பிரச்சினை இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, சக்கர நாற்காலி. சொகுசுக் கப்பல் ஒத்துவருமா?

பதில்: கப்பல் ஒத்துவரும், துறைமுகங்களைத்தான் பார்க்க வேண்டும். சிறிய சொகுசுக் கப்பல்களில் அகலக் கதவும் சமதளக் குளியலறையும் உள்ள சூட்டுகள் மிகக் குறைவு. சீக்கிரம் தீர்ந்துவிடும், தேவையைக் காட்டும் படிவமும் கேட்பார்கள். கப்பல் கரையோடு நிற்காமல் நடுக்கடலில் நின்று சிறு படகில் கொண்டுபோகும் துறைமுகங்களில் சக்கர நாற்காலியை ஏற்ற மறுக்கலாம். சாண்டோரினி அப்படிப்பட்ட இடம். எந்தெந்த நாளில் சிறு படகு என்று பட்டியல் வாங்குங்கள். பாதிக்கு மேல் அப்படி என்றால் வேறு பயணம் பாருங்கள். அம்மா ஜன்னல் வழியே மட்டும் ஊர் பார்க்க இவ்வளவு செலவு வேண்டாம்.

கேள்வி: பணத்தை ஏஜென்ட்டிடம் கொடுப்பது பாதுகாப்பா?

பதில்: கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கார்டு பில்லில் கப்பல் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். ஏஜென்சியின் பெயர் வந்தால் பணம் அவர்கள் கையில் நிற்கிறது என்று பொருள். அப்படியானால் அந்த நாட்டில் வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்புத் திட்டம் உண்டு என்று விசாரித்த பிறகே கட்டுங்கள். புக்கிங் எண்ணை அன்றே வாங்கி, நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பெயர், பிறந்த தேதி, கேபின் எண் சரியா என்று பாருங்கள்.

கப்பல் நிறுவனமே மூழ்கினால் ஏஜென்ட்டாலும் தடுக்க முடியாது. 2022 ஜனவரியில் கிறிஸ்டல் க்ரூசஸ் அப்படித்தான், தாய் நிறுவனம் கெந்திங் ஹாங்காங் நொடித்தபோது பயணங்களை நிறுத்தியது. அதற்குக் கை கொடுப்பவை கார்டும், நிறுவனம் திவாலானாலும் ஈடு தரும் இன்சூரன்ஸும்தான்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிலும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் உண்டு, ஆகவே வெளியிலும் விலை கேளுங்கள். மருத்துவ அவசர வெளியேற்றம் கட்டாயம் இருக்கட்டும். ஏற்கெனவே நோய் இருந்தால் தாமதிக்காதீர்கள். சில பாலிசிகளில் முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள் வாங்கினால்தான் அதற்கு ஈடு.

கேள்வி: விமான டிக்கெட்டை நானே எடுக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: எடுக்கலாம், ஆனால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நிமிடம் முன்பே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். நிறுவனம் வழியாக எடுத்த விமானம் தாமதமானால் அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் வேலையில் அவர்கள் உதவுவார்கள். நீங்களே எடுத்ததென்றால் அது உங்கள் பாடு.

கேள்வி: நேரடியாகவே புக் செய்துவிட்டேன். இப்போது ஏஜென்ட்டுக்கு மாற்ற முடியுமா?

பதில்: பல நிறுவனங்கள் 30 அல்லது 60 நாட்களுக்குள், இறுதித் தவணைக்கு முன் அனுமதிக்கும். சில அனுமதிப்பதே இல்லை. இன்றைக்கே கேளுங்கள்.

ஒரு குறையையும் அறிந்துகொள்ளுங்கள். ஏஜென்ட் பெயரில் போன பிறகு நிறுவனம் மாற்றங்களை உங்களிடம் நேரடியாகப் பேசாது. அவர் விடுமுறையில் இருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டும். அவர் இல்லாதபோது யார் பார்ப்பார்கள் என்று பெயரும் எண்ணும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல ஏஜென்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிஎல்ஐஏ என்ற சர்வதேச க்ரூஸ் நிறுவனங்களின் சங்கம் தரும் சான்றிதழ் இருந்தால் நல்லது; ஆனால் அதைவிட அவர் உங்களிடம் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எழுந்திருக்கும் நேரம், நடக்கும் திறன், கடல் ஒத்துக்கொள்ளுமா, முறையாக உடுத்தி இரவு உணவுக்குப் போகப் பிடிக்குமா என்று கேட்கிறவர் வேலை தெரிந்தவர். அண்டார்டிகா என்று சொன்னதும் கப்பலில் எத்தனை பேர் என்பதைப் பற்றிப் பேச வேண்டும். அங்கே ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது, 500க்கு மேற்பட்ட பயணிகளோடு வரும் கப்பல் யாரையும் இறக்குவதே இல்லை. இதைச் சொல்லாமல் பெரிய கப்பலை விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த நிறுவனம் அவருக்குக் கூடுதல் கமிஷன் தருகிறது என்றும் தயங்காமல் கேளுங்கள். அதிகம் விற்றால் சதவீதம் ஏறும். அதனால் சிலர் எல்லோருக்கும் ஒரே கப்பலைக் காட்டுவார்கள். குறைந்தது இரண்டு நிறுவனங்களின் விலையை, ஏன் ஒன்று மேல் என்ற காரணத்தோடு, எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஏஜென்ட் தேவையே இல்லாத சமயம்?

பதில்: ஒரே கப்பலில், ஒரே கேபினில் திரும்பத் திரும்பப் போகிறவர், கடைசி நேரக் குறைந்த விலைக்குக் காத்திருப்பவர், எல்லா மாற்றமும் தன் கையாலேயே உடனே நடக்க வேண்டும் என்பவர். இவர்கள் நேரடியாகப் போகலாம். கப்பலிலேயே அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டினால் குறைந்த முன்பணமும் கூடுதல் கிரெடிட்டும் கிடைப்பதுண்டு. அப்போதும் உங்கள் ஏஜென்ட்டின் பெயரைப் படிவத்தில் எழுதச் சொல்லலாம்; கப்பல் சலுகையும் வரும், அவருடைய சலுகையும் வரும். அந்த முன்பணம் திரும்பக் கிடைக்கக்கூடியதா என்று மட்டும் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.