சுருக்கெழுத்தில் வேகம்: ஒரு கடிதம்

ஐயா,

நீதிமன்றச் சுருக்கெழுத்துப் பணிக்காகப் பிட்மேன் முறையில் ஆங்கிலச் சுருக்கெழுத்து பயின்று வருகிறேன். நிமிடத்துக்கு 100 சொற்கள் வரை தடையின்றி எழுதுகிறேன்; 120 என்றால் கை பின்தங்குகிறது. சட்டச் சொற்களுக்கு நானே 300 குறுக்கங்களை உருவாக்கி மனப்பாடம் செய்தேன். ஆனால் வேகம் முன்பைவிடக் குறைந்துவிட்டது. எழுதியதைப் படித்துத் தட்டச்சு செய்யும்போதும் தடுமாறுகிறேன். இன்னும் எத்தனை குறுக்கங்கள் தேவைப்படும்?

அன்புள்ள நண்பருக்கு,

இருப்பவற்றில் 250-ஐக் கைவிடுங்கள் என்பதே என் பதில். நிமிடத்துக்கு 120 சொற்கள் என்றால் ஒரு சொல்லுக்கு அரை நொடிதான். 'இதற்கு என்ன குறி வைத்தோம்' என்று இரண்டு நொடி யோசிப்பதற்குள் நான்கு சொற்கள் கடந்துவிடும். அதே சொல்லை ஒலிப்படி முழுதாக எழுதியிருந்தால் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. தடுமாற்றத்துக்கும் காரணம் இதுவே. 1837-இல் ஐசக் பிட்மேன் வெளியிட்ட முறை ஒலியை அடிப்படையாகக் கொண்டது. நீங்கள் விருப்பப்படி வைத்த குறி, அம்முறைப்படி வேறொரு சொல்லுக்கு உரிய வடிவமாக ஏற்கெனவே இருக்கக்கூடும்.

நேரம் செலவாவது கோட்டின் நீளத்தில் அல்ல, பேனாவைத் தூக்கி வைப்பதில். ஆகவே தனிச்சொற்களைவிட, 'இட் இஸ் சப்மிட்டட் தட்', 'லேர்னட் கவுன்சில் ஃபார் தி பெட்டிஷனர்' போல நாள்தோறும் காதில் விழும் தொடர்களை ஒரே இழுப்பில் எழுதப் பழகுங்கள். 'இஃப் தேர் இஸ்' என்பதில் எஃப் ஒலிக்குரிய வளைகோட்டை இருமடங்கு நீட்டினாலே 'தேர்' சேர்ந்துவிடுகிறது. இதற்குப் புதிய குறி எதற்கு?

வேகம் கூடும்போது எழுத்து பெரிதாகும்; அதைத்தான் கவனிக்க வேண்டும். பாதியாகக் குறுக்கிய கோடு டகர ஒலியைச் சேர்ப்பது. அது அவசரத்தில் முழு நீளம் பெற்றால், பல வினைகளில் இறந்தகாலமே காணாமல் போகும். 'லீகல்', 'இல்லீகல்' போன்ற இணைகளில், எதிர்மறைச் சொல்லுக்கு முதல் மெய்யின் கோட்டை இருமுறை எழுத வேண்டும் என்ற விதியை எந்த வேகத்திலும் விடாதீர்கள். நான் ஒருமுறை 'இம்மெட்டீரியல்' என்பதை 'மெட்டீரியல்' என்று தட்டச்சு செய்துவிட்டேன். கையெழுத்திடுமுன் நீதிபதி கண்டுபிடித்ததால் தப்பித்தேன், அன்று முழுவதும் தலை நிமிரவில்லை. பெயர்கள், தேதிகள், சட்டப்பிரிவு எண்கள் ஆகியவற்றிலும் சிக்கனம் வேண்டாம். பெயரை முதல்முறை உயிர்க்குறிகளோடு முழுதாக எழுதிவிட்டு, பிறகு முதலெழுத்தை மட்டும் இடலாம்.

பயிற்சிக்கு ஒரே தீர்ப்புப் பகுதியை எடுத்துக்கொண்டு, கை நின்ற சொற்களை மட்டும் தனியே பலமுறை எழுதிப் பாருங்கள். பிறகு அதையே 100-லும், அடுத்து 130-லும், கடைசியாக 120-லும் வாசிக்கச் சொல்லி எழுதுங்கள். 130-இல் விடுபட்டவற்றைத் துரத்த வேண்டாம். இடம் விட்டு மேலே செல்லுங்கள். கை நான்கைந்து சொற்கள் பின்னால் வருவது குறையல்ல, அவற்றைக் காதில் தாங்கிக்கொள்வதும் பழக்கமே.

எந்த 50-ஐ வைத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். கடந்த மாதக் குறிப்பேடுகளைப் புரட்டுங்கள். நிற்காமல் எழுதி, நிற்காமல் படிக்க முடிந்தவை எவையோ அவையே.