கூட்டு, குடும்பம், சங்கம்: சமரசம் பேசுபவரிடம் கேட்டவை

கூட்டாளிகளுக்குள் சமரசம் பேசுவது என் வேலை. எந்த உறவும் நிலைக்க இரு தரப்பின் நலனும், அதாவது பரஸ்பர நலன், பார்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சார்ந்த கேள்விகளுக்கே பதில் சொல்கிறேன்.

கே: நண்பரும் நானும் தொழில் தொடங்குகிறோம். பங்கு சரிபாதி. வேறென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

ப: யாருக்கு எது வேண்டும் என்பதை. உங்களுக்கு மாதாமாதம் வருமானம் வேண்டும், அவருக்குத் தொழில் வளர வேண்டும் என்றால், முதல் லாபம் வந்ததுமே எடுப்பதா, மறுபடி போடுவதா என்று இழுபறி வரும். ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து முதல் நாளே எழுதி வையுங்கள்.

கே: விற்பனைக்கு கமிஷன் தருகிறோம். விற்பனை கூடியும் கையில் காசில்லை.

ப: வசூலான பணத்துக்கு கமிஷன் கொடுங்கள். இப்போது கடனுக்கு விற்றாலும் விற்பனையாளருக்கு லாபம்தானே?

கே: கணவன் மனைவிக்குள்ளும் பரஸ்பர நலன் பார்ப்பதா? அது வியாபாரம்.

ப: கணக்குப் பார்த்தால் வியாபாரம்தான். மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கிப் பழக விரும்பியவருக்கு, செய்த உதவிக்கு உடனே பதில் உதவி வந்தபோது பிடிப்பு குறைந்தது. நெருக்கத்தை எதிர்பாராதவர்களிடம் அதே செயல் பிடிப்பைக் கூட்டியது. ஆகவே வீட்டில் கணக்கு வேண்டாம். ஆனால் ஒருவர் தேவையை மட்டுமே இருவரும் கவனித்துக்கொண்டிருந்தால், மற்றவர் மெல்ல ஒதுங்கிவிடுவார்.

கே: ஒப்பவில்லை. தாய் பிள்ளையிடம் என்ன நலன் பார்க்கிறாள்?

ப: கைக்குழந்தையிடம் யாரும் கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை. சரி. நான் பேசுவது வளர்ந்த இருவரைப் பற்றி.

கே: (இன்னொருவர்) அவர் சொல்வதுதான் சரி. எதிர்பார்த்தாலே அன்பு கெட்டுவிடும்.

ப: இதை நான் கடுமையாக மறுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் மிகவும் புண்பட்டிருப்பவர்கள் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்லியே வாழ்ந்தவர்கள். அவர்களுக்கும் வேண்டியது இருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை. பல வருடம் கழித்து "உனக்காக எவ்வளவு செய்தேன்" என்று அது வெடிக்கும்போது, எதிரே இருப்பவருக்கு எதுவும் புரிவதில்லை. கேட்டிருந்தால் மகிழ்ச்சியாகவே செய்திருப்பார்.

கே: மைத்துனருடன் கூட்டு. எழுத்தில் எதுவும் இல்லை...

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: எழுதிக் கேட்டால் நண்பர் தப்பாக நினைப்பாரே?

ப: மறுபடி அதே கேள்வி. நினைத்தால் நினைக்கட்டும். எழுதுங்கள்!

கே: பங்கை மகள் பெயருக்கு மாற்றினால் வரி வருமா?

ப: வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கே: எங்கள் சங்கத்தில் நாலு பேர் உழைக்கிறோம். பலன் எல்லோருக்கும்.

ப: பொதுவான நீர், மேய்ச்சல் நிலம் போன்றவற்றை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்றவர் எலினோர் ஆஸ்ட்ரம். நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் உறுப்பினர்களே விதி வகுப்பதிலும் கண்காணிப்பதிலும் பங்கெடுத்தார்கள், தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடியது என்று கண்டார். நீங்களும் எல்லோரையும் கூட்டி முறை வையுங்கள். யார் முறை என்பது எல்லோர் கண்ணிலும் படட்டும். முதல் தடவை தவறினால் நினைவூட்டுங்கள், அப்புறம் சிறு அபராதம். உழைக்கும் நாலு பேர் மட்டும் உட்கார்ந்து விதி எழுதாதீர்கள், மற்றவர்கள் அதை மதிக்கமாட்டார்கள்.