டெண்ட் முன்னால் கட்டும் நிழல் துணியைக் காற்றிலிருந்து காப்பாற்றுவது எப்படி?

ஜூன் விடுமுறையில் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் இரண்டு இரவு குடும்பத்தோடு தங்கப் போவதாகவும், போன முறை டெண்ட் வாசலில் கட்டிய தார்ப்பாய் கிழிந்துபோனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கேரவன் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள், அதன் பக்கவாட்டில் விரியும் நிழல் துணியான அவ்னிங்கைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் என் முதல் பதில் ஒன்றுதான். தூங்கப் போகும் முன் இறக்கிவிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், இதே ஜூன் மாதம், இதே கடற்கரை. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இரும்புச் சட்டப் பந்தல் ஒன்றை விரித்து, நான்கு காலிலும் தண்ணீர்க் கேன் கட்டி, நிம்மதியாகப் படுத்தோம். இரவு பத்து மணிக்கு ஓர் இலைகூட ஆடவில்லை. விடியற்காலை ஐந்து மணி இருக்கும், திடீரென்று காற்று சில்லென்று மாறியது. அடுத்த இரண்டு நிமிடத்தில் பந்தல் துணி பாய்மரம்போல உப்பியது. அண்ணன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் அவரையே இழுத்துக்கொண்டு போனது. "விடுங்கண்ணே, விட்டுடுங்க!" என்று கத்தினேன். அவர் விட்ட நொடியில் அது புரண்டு, பக்கத்தில் குழந்தைகள் படுத்திருந்த டெண்டுக்கு ஒரு கை தூரத்தில் போய் விழுந்தது. சட்டத்தின் குறுக்குக் கம்பி முழங்கைபோல மடங்கியிருந்தது. அந்த ஒரு கை தூரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

வந்தது சுமத்ரா சூறைக்காற்று. சுமத்ரா தீவின் மேலோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் வரிசைகட்டி உருவாகி, கிழக்கு நோக்கி நகர்ந்து நம்மைத் தாண்டிப் போகும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரலாம், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிக்கடி வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் வரும், நாம் அசந்து தூங்கும் நேரம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவது வழக்கம். 2024 செப்டம்பர் 17 அன்று மாலையில் வந்தது 83.2 கிலோமீட்டரைத் தொட்டு மரங்களைச் சாய்த்தது. 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் மேற்கே உள்ள தெங்காவில் 144.4 கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். ஒன்பது சதுர மீட்டர் துணி முழுக்க நிமிர்ந்து எதிர்த்து நின்றால், 40 கிலோமீட்டர் காற்றில் ஏறக்குறைய 70 கிலோ சுமை விழும், 80 கிலோமீட்டரில் 280 கிலோ. எங்கள் நான்கு கேன்களும் சேர்ந்தே 80 கிலோதான். அதனால் எந்த முளையும் எந்தக் கயிறும் சூறைக்காற்றில் துணியைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். நன்றாகக் கட்டினால் பகல் காற்றை அது தாங்கும். பெருங்காற்று வரும்போது இறக்கி வைக்க உங்களுக்கு நேரமும் கிடைக்கும். அவ்வளவுதான்.

சரி, பகலுக்கு எப்படிக் கட்டுவது? சட்டப் பந்தலைவிடத் தார்ப்பாயும் இரண்டு கம்பமும் மேல். தாழ்வாகக் கட்டலாம், சீக்கிரம் இறக்கலாம். ஈஸ்ட் கோஸ்ட்டில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜூனில் பகல் காற்று கடலிலிருந்து, தெற்கிலிருந்து வரும். அதைப் பார்த்துக் கடல் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டி, மேற்குப் பக்கத்தைத் திறந்து விடுவார்கள். சூறைக்காற்று வருவதோ மேற்கிலிருந்து, கரையோரமாகவே. திறந்த வாய்க்குள் நேராக நுழையும். மேற்கு ஓரத்தைத் தரையோடு ஒட்டிக் கட்டி, கிழக்கைத் திறந்து வையுங்கள்.

அந்தப் பூங்கா கடலை நிரப்பி உண்டாக்கிய நிலம். மணலில் டெண்டோடு வரும் மெல்லிய முளை வெண்ணெயில் குத்திய ஊசிபோல வெளியே வந்துவிடும். அகலமான மணல் முளை வாங்குங்கள். இல்லாவிட்டால் காலி அரிசிப் பையில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, மணலில் ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். வெறும் முளையைவிட எவ்வளவோ பிடிப்பு. கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள். புல்தரையில் தோண்ட வேண்டாம். கயிறு தரையோடு 45 டிகிரி அளவில் சாய்ந்திருக்கட்டும், முளையின் தலை துணிக்கு எதிர்ப்புறம் சாயட்டும்.

அப்புறம் துணி எங்கே கிழிகிறது என்று பாருங்கள். உங்களுடையதும் அநேகமாக மூலையில் உள்ள உலோக வளையத்தில்தான் கிழிந்திருக்கும். காற்று இழுத்து இழுத்து விடும்போது வளையத்தின் ஓரம் துணியை அறுக்கும். நான் வளையத்தில் கட்டுவதில்லை. நெல்லிக்காய் அளவு வழுவழுப்பான கூழாங்கல்லைத் துணியின் மூலைக்குள் வைத்துப் பொதிந்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டுகிறேன். பாரம் துணியின் பரப்பு முழுக்கப் பரவுகிறது. கயிற்றுக்கும் முளைக்கும் நடுவே ஒரு முழம் எலாஸ்டிக் கயிறு சேர்த்தால் வெட்டி இழுப்பது குறையும். முளைப் பக்கம் போடும் முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழும் சுருக்காக இருக்கட்டும். இருட்டில், மழையில், ஈர விரல்களால் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

ஒரு மூலையை மட்டும் இறக்கிக் கட்டுங்கள், மழைநீர் அந்த வழியே ஓடிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 10 கிலோ. கம்பத்தை வளைக்க அது போதும்.

வானிலை ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். 240 கிலோமீட்டர் படத்தைத் திறங்கள், மேற்கில் வில்போல வளைந்த ஒரு கோடு நகர்ந்து வருவது தெரியும். என் மனைவி படுக்கும் முன் பார்ப்பார், நான் நான்கு மணிக்கு அலாரம் வைத்துப் பார்ப்பேன். இடி கேட்டால் துணியை மறந்துவிட்டுப் பிள்ளைகளோடு கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். உலோகக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டோ மரத்தடியிலோ நிற்காதீர்கள். கம்பம் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பெர்த்துக்கு வருவோம். அங்கே கோடையில் மதியத்துக்கு மேல் தென்மேற்கிலிருந்து கடற்காற்று வீசும், "ஃப்ரீமேண்டல் டாக்டர்" என்று ஊர்க்காரர்கள் அழைப்பார்கள். காலையில் அசையாத அவ்னிங் மூன்று மணிக்குப் படபடக்கும். வண்டியை நிறுத்தும்போதே அவ்னிங் பக்கம் காற்றுக்கு முதுகு காட்டும்படி நிறுத்துங்கள். அவ்னிங்கின் கால்களை இறக்கித் தரையில் முளையடித்து, துணி சுற்றும் உருளைக்கு மேல் பட்டை போட்டு இறுக்கி, ஓரத்தில் படபடப்பைத் தடுக்கும் கிளிப் மாட்டினால் மிதமான காற்றைச் சமாளிக்கலாம். வெளியே போகும்போதும் தூங்கும்போதும் சுருட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. காற்று பலமான பிறகு சுருட்டப் போனால் கை நசுங்கும். எடுக்கும் முன் ஒப்பந்தத்தில் அவ்னிங் சேதம் யார் தலையில் என்று படித்துப் பாருங்கள். பல இடங்களில் காப்புறுதி அதற்குப் பொருந்தாது.

ஈஸ்ட் கோஸ்ட்டுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி எடுத்திருப்பீர்கள். எடுக்காவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள், முகாமுக்கென்று ஒதுக்கிய பகுதியில்தான் டெண்ட் போடலாம். திரும்பி வந்ததும் தார்ப்பாயை ஈரத்தோடு மடித்து ஸ்டோர் ரூமில் வைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். நான் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, குளியலறைக் கதவின் மேல் ஓர் இரவு விரித்துப் போட்டு, மறுநாள் மடிக்கும்போது தையலை விரலால் தடவிப் பார்த்து வைக்கிறேன்.