200 எம்எம்எக்ஸ் போட்டும் 166 என்றே காட்டுது: பதில்

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் தோட்டத்து டியூஷன் வகுப்புக் கணினியில் பழைய பென்டியம் 166 சில்லை (166 மெகாஹெர்ட்ஸ் வேக பிராசசர்) எடுத்துவிட்டு, அதற்குப் பின் வந்த 200 எம்எம்எக்ஸ் சில்லைப் போட்டீர்கள். திரையில் 166 என்றே வருது, பத்து நிமிடத்தில் நின்றுவிடுது, அப்படித்தானே? முதலில் சுவிட்சை அடைத்து வயரைப் பிடுங்குங்கள்.

வேகம் சின்ன விஷயம். மதர்போர்டில் (கணினியின் தாய்ப்பலகை) பழைய ஜம்பர், அதாவது ஊசிகள் மேல் மாட்டும் குட்டி மூடி, 66 × 2.5-இல் கிடக்கிறது. 66 போர்டின் வேகம், 2.5 பெருக்கும் எண். அந்த 2.5-ஐ 3-க்கு மாற்றினால் 200 வந்துவிடும். 66-ஐத் தொடாதீர்கள்.

ஆபத்து வோல்டேஜில்தான். பழைய 166-க்கு 3.3 வோல்ட் போதும். எம்எம்எக்ஸ் சில்லின் உள்பகுதிக்கு 2.8 வோல்ட்தான் வேண்டும், வெளித்தொடர்புக்கு மட்டும் 3.3. வோல்டேஜ் ஜம்பரை மாற்றாததால் சில்லு கொதிக்கிறது. மதர்போர்டிலேயே பொடி எழுத்தில் ஜம்பர் அட்டவணை அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்து 2.8-க்கு மாற்றுங்கள். 2.8 என்ற வரியே இல்லையென்றால் அந்த போர்டுக்கு எம்எம்எக்ஸ் ஒத்துவராது. 166-ஐயே திரும்பப் போடுங்கள்.

நம்ம பக்கத்து ஈரத்தில் ஜம்பர் ஊசி பச்சை பூத்திருக்கும். மூடியை நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் தொடர்பு சரியாகும். பட்டன் பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஜம்பர் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) அமைப்புகளை அழிக்க, அதை விட்டுவிடுங்கள்.

மதர்போர்டில் மாட்டும் பவர் வயர் இரண்டு துண்டாக இருந்தால் கறுப்பு வயர்கள் நடுவில் சேர்ந்து வரவேண்டும். மாறினால் போர்டு போச்சு.