பழைய டாட்சன் 240இசட்: இன்ஜினைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் ஒன்று இருக்கிறது. இடதுபக்க ஸ்டியரிங். பல வருடங்களாக நின்ற வண்டி, இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் ஒருவர், ‘முதலில் இன்ஜினை இறக்கி அதை முடித்துவிடுவோம். பாடியை ஆசிட் தொட்டியில் முக்கினால் துரு மொத்தமும் போய்விடும். ரொம்ப மோசமென்றால் ஜப்பானிலிருந்து துருவில்லாத பாடி வரவழைக்கலாம். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள்’ என்கிறார். எனக்கோ நானே பிரிக்க ஆசை. பிரித்துப் போட்டால் திரும்பச் சேர்க்க முடியுமா என்று பயமாகவும் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாக நீங்களே பிரிக்கலாம். பிரிப்பதற்கு இது எளிய வண்டி. பானெட், முன் மட்கார்டுகள், கதவுகள், பின்கதவு எல்லாம் போல்ட்டில் நிற்பவை. எலக்ட்ரானிக் பெட்டி எதுவும் கிடையாது. ஆனால் அவர் சொல்லும் வரிசை தலைகீழ். எல்24 இன்ஜின், 2,393 சிசி, ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், கெட்டியான சரக்கு. கையால் சுற்றுகிறது என்றால் அது இன்னும் ஒரு வருடம் மூலையில் காத்திருக்கும். காத்திருக்காதது தகரம். இந்த வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். அது தேறாது என்றால் பளபளவென்று ஆக்கிய இன்ஜினை எங்கே உட்கார வைப்பீர்கள்? இன்ஜினில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரு மாதத்தில் போட்டோ காட்டலாம், அடுத்த தவணை கேட்கலாம்.

ஆகவே இன்ஜினைத் தொடும் முன் துருவைத் தேடுங்கள். ஒரு காந்தம், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர் போதும். முதலில் பேட்டரி தட்டு. பானெட்டுக்கு உள்ளே வலது பின்மூலையில் இருக்கிறது. பல வருடம் சிந்திய ஆசிட் அங்கிருந்து நேரே கீழே உள்ள சட்டத்தில் இறங்கும். முன் சஸ்பென்ஷன் ராட் வந்து மாட்டும் கிண்ணமும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஸ்குரூ டிரைவர் உள்ளே போனால் அது அழகுப் பிரச்சினை அல்ல, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் எங்கே நிற்கும் என்கிற பிரச்சினை. அடுத்து, கண்ணாடிக்குக் கீழே காற்று உறிஞ்சும் தொட்டி. இலை தழை அடைத்தால் தண்ணீர் வடியாமல் தேங்கி, முன் மட்கார்டின் பின்பகுதியையும் கதவுக்குக் கீழ்ச் சட்டத்தின் முன்முனையையும் உள்ளிருந்தே தின்னும். மட்கார்டைக் கழற்றாமல் இதைப் பார்க்க முடியாது. பிறகு, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழ்ச் சட்டம் முடியும் மூலை, பின்கதவு உட்காரும் விளிம்பு, ஸ்டெப்னி குழி.

தரையைப் பார்க்க கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள தார் விரிப்பை எடுத்தாக வேண்டும். சுரண்டினால் நாள் கணக்கில் ஆகும். உலர்பனிக் கட்டியைப் பரப்பிக் கால் மணி நேரம் விட்டுச் சுத்தியலால் தட்டினால் ஓடு ஓடாக உடைந்து வரும். கையுறை வேண்டும், எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும். அதிலிருந்து எழும் கரியமில வாயு காருக்குள் தேங்கினால் ஆளையே சாய்த்துவிடும்.

தரைக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களில்தான் பெரிய ஏமாற்று வேலை நடக்கும். கரைந்துபோன சட்டத்தின் மேலேயே புதுத் தகரத்தைத் தொப்பி போல் கவிழ்த்து, நான்கு இடத்தில் வெல்டு வைத்து, கறுப்புத் தார் பூசிவிடுவார்கள். பார்க்கப் புதுச் சட்டம், உள்ளே துருப்பொடி. தார் புதிதாகவும் வழவழப்பாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். சுத்தியலால் தட்டுங்கள்: நல்ல தகரம் கணீரென்னும், பட்டி அடைத்த இடம் பொதபொதவென்னும். இன்னொரு சோதனை: வண்டியை ஒருபக்கம் சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நின்றபோது சரியாக மூடிய கதவு இப்போது பூட்டில் இடித்தால், கதவுக்குக் கீழ்ச் சட்டம் பலம் இழந்துவிட்டது. இந்தக் கணக்குப் போடாமல் யார் விலை சொன்னாலும் அது ஜோசியம். முன்பணம் கொடுப்பதானால் மட்கார்டு, கார்ப்பெட், தார் எல்லாம் கழற்றிய பிறகு எழுதிய பட்டியலுக்குக் கொடுங்கள்.

ஜப்பான் பாடி விஷயம். அங்கே ஓடியவற்றில் பெரும்பாலானவை இரண்டு லிட்டர் ஃபேர்லேடி இசட் (இந்த வண்டிக்கு ஜப்பானில் அதுதான் பெயர்). 2.4 லிட்டர் வண்டி அங்கே விற்பனைக்கு வந்ததே 1971 இறுதியில். எல்லாம் வலதுபக்க ஸ்டியரிங். உங்கள் டேஷ்போர்டு, பெடல், ஸ்டியரிங் பெட்டி எதுவும் அதில் நேரடியாக உட்காராது. அதைவிட முக்கியம், பாடி எண் இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டிலேயே அடித்திருக்கிறது. உங்களுடையது எச்எல்எஸ்30 என்று தொடங்கும். அந்தத் துண்டை வெட்டி வேறு பாடியில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். அது ரெஸ்டோரேஷன் இல்லை, குற்றம். ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்துத் தரும் ஏலச் சீட்டை அவர் காட்டினால் முன்பக்கத்து மதிப்பெண்ணை விட்டுவிட்டு வண்டிப் படத்தில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். டபிள்யூ என்றால் டிங்கர் வேலை பார்த்த அலை, எஸ் என்றால் துரு, சி என்றால் அரிப்பு, இரட்டை எக்ஸ் என்றால் மாற்றிய பலகை. ஆர் என்ற தரம் விபத்துப் பழுது பார்த்த வண்டிக்கு. பழைய வண்டிகள் அங்கே கொட்டகையில் கிடந்து துருப்பிடிப்பதற்கு அரசாங்கமும் ஒரு காரணம். பதிவாகி 13 ஆண்டு தாண்டிய பெட்ரோல் காருக்கு வாகன வரியைச் சுமார் 15 சதவீதம் ஏற்றிவிடுகிறார்கள். வைத்துக் காப்பாற்றுபவனுக்கு அபராதம், தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குபவனுக்குச் சலுகை. என்ன கணக்கோ!

இனி பிரிப்பது. சேர்க்க முடியுமா என்ற உங்கள் பயத்துக்கு மருந்து பிரிக்கும் விதத்திலேயே இருக்கிறது. எந்தப் போல்ட்டையும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டும் தனிப் பையில், பைக்குள் ஒரு சீட்டு. பையின் மேல் மார்க்கரால் எழுதுவது மண்ணெண்ணெய் பட்டால் அழிந்துவிடும். வாஷர், ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் கம்பியில் கோத்து வையுங்கள்.

இரண்டு கருவி விஷயங்கள். இந்த வண்டியின் நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் ஜப்பானிய ஜே.ஐ.எஸ். அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அடிவரை இறங்காமல் மேலே ஏறி நழுவி, தலையை மழித்துவிடும். கார்புரேட்டர் மூடி, கதவுப் பூட்டு இரண்டும் இப்படித்தான் பாழாகின்றன. ஜே.ஐ.எஸ். டிரைவர் வாங்குங்கள். கதவுப் பூட்டின் பெரிய ஸ்குரூக்களுக்கு மூன்றாம் நம்பர் முனையும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வேண்டும். இரண்டாவது, 10 மி.மீ. போல்ட்டுகளின் மரை 1.25 மி.மீ. இடைவெளி. பொதுக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 1.5. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், ‘துருதான்’ என்று நினைத்து அழுத்தினால் மரை போச்சு.

வரிசை: பேட்டரி, பெட்ரோல் டேங்க், பானெட் (முன்பக்கம் கீல் உள்ளது, இரண்டு பேர் பிடியுங்கள்), மட்கார்டுகள், இருக்கைகள், டேஷ்போர்டு, கண்ணாடிகள், வயரிங், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்து ஒரே தூக்கில், கடைசியில் சஸ்பென்ஷன். டேஷ்போர்டு ஐம்பது வருட ஃபோம், குளிரில் தொட்டால் பிளக்கும். வெயிலில் வைத்துச் சூடாக்கிக் கழற்றுங்கள்.

எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக்கிவிட்டுத்தான் வெல்டிங் என்பது பொது விதி. கதவுக்குக் கீழ்ச் சட்டம் அரித்திருந்தால் மட்டும் இந்த விதி தலைகீழ். அப்போது கதவுகள் மாட்டியே இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், பாதியில் கைவிடப்பட்டு விற்பனைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தத் தவறைத்தான் பார்க்கலாம். கதவு வாசலுக்குக் கீழே இருக்கும் அந்தச் சட்டம்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைத்திருக்கிறது. அதை வெட்டி எடுத்த கணத்தில் கூடு நடுவில் தொய்யும். இரண்டு மில்லிமீட்டர் தொய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புதுச் சட்டத்தை அந்தத் தொய்விலேயே வெல்டு வைத்து, பெயிண்ட் அடித்து, கதவை மாட்டும்போதுதான் மேல்மூலை இடிக்கும். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. ஆகவே: சுழலும் ஸ்டாண்டில் கூட்டை ஏற்றாமல், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களில் சமமட்டமாக நிறுத்துங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை எட்டு இடத்தில் அளந்து எழுதுங்கள். கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்கே வெல்டு வையுங்கள், கதவு மூடுவதற்கு இடம் விட்டு உள்பக்கமாக. ஒரு பக்கச் சட்டத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்டுங்கள். ஒவ்வொரு அங்குல வெல்டுக்கும் கதவை மூடிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டுகிறேன் என்பவரிடம் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆசிட் தொட்டி வேண்டாம். சட்டங்களும் தூண்களும் இரட்டைத் தகரப் பெட்டிகள். மடிப்புக்குள் புகுந்த ஆசிட் கழுவினாலும் போகாது. புதுப் பெயிண்டுக்குக் கீழே கசிந்து ஒரு வருடத்தில் கொப்புளமாக வெளியே வரும். மணல் வீச்சையும் பானெட், கூரை, கதவுத் தோலில் அனுமதிக்காதீர்கள். தகரம் அலை அலையாக நெளிந்துவிடும். அகன்ற தகரத்துக்குப் பெயிண்ட் ரிமூவர், மூலை முடுக்குகளுக்கு மட்டும் மணல்.

பின் சஸ்பென்ஷனில் உங்களை அழவைக்கப் போவது ஒரு நீளமான இரும்புக் கம்பி. ஸ்பிண்டில் பின் என்பார்கள். ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பர் உட்காரும் தூணின்) அடிவார்ப்பைத் துளைத்துக்கொண்டு சஸ்பென்ஷனின் கீழ்க் கையை இணைப்பது அதுதான். ஐம்பது வருடத்தில் வார்ப்போடு ஒன்றாகிவிட்டிருக்கும். முதலில் நடுவில் உள்ள சிறிய பூட்டுப் பின்னை எடுக்க வேண்டும். இதை மறந்து அடித்தே பலர் கெடுக்கிறார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நுனி மரையில் சுத்தியல் படவே கூடாது. நுனி காளான் போல் விரிந்தால் பிறகு எந்த வழியாகவும் வராது. தடித்த குழாய், கனமான வாஷர், மரையில் ஏறும் நீள நட்டு வைத்து இழுங்கள், வார்ப்பைச் சூடாக்கிக்கொண்டே. வரவில்லையா? வார்ப்புக்கும் கைக்கும் நடுவே பின்னை அறுத்து, மிச்சத்தை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளுங்கள். புதுப் பின் போடும்போது அதிலுள்ள வெட்டு, பூட்டுப் பின்னின் துளைக்கு நேராக நிற்க வேண்டும். கிரீஸ் தாராளமாக.

இன்ஜின் வேலை கடைசி. ஹெட்டைக் கழற்றுவதானால், ஏறக்குறைய 25 செ.மீ. நீள மர ஆப்பைக் கயிறு கட்டி டைமிங் செயினுக்கு நடுவே இறக்கிய பிறகே கேம் பல்சக்கரத்தை எடுங்கள். செயின் தளர்ந்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வெளியே துள்ளி விழும், பிறகு முன்மூடியை முழுக்கக் கழற்ற நேரும். 14 ஹெட் போல்ட்டையும் எடுத்தும் ஹெட் அசையவில்லையா? முன்மூடியோடு இணைக்கும் இரண்டு சின்னப் போல்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. நெம்பி உடைக்காதீர்கள். கேம் தண்டைத் தாங்கும் தூண்களைக் காரணமில்லாமல் கழற்ற வேண்டாம், ராக்கர்கள் அவை அவை இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். வால்வு இடைவெளி, குளிர்ந்த நிலையில்: இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25. சூடான பின் 0.25, 0.30.

சின்னப் பாகங்களை மஞ்சள் துத்தநாக முலாமுக்கு அனுப்பும்போது சஸ்பென்ஷன், பிரேக், சீட் பெல்ட் போல்ட்டுகளைத் தனியே எடுத்துவையுங்கள். முலாம் தொட்டியின் ஆசிட் கடினப் போல்ட்டை உள்ளுக்குள் நொறுங்க வைக்கும். பெட்ரோல் டேங்கின் ஆவிக் குழாய்கள் அனைத்தும் புதிதாக மாற வேண்டும். ஒன்றை விட்டாலும் காருக்குள் பெட்ரோல் வாடைதான். ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் தண்டு சுவிட்ச் வழியாகவே போகிறது, ஃபியூஸ் பெட்டி கருகுவது அதனால்தான். வயரிங்கைத் திரும்பப் பூட்டும்போதே ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே வைத்துவிடுங்கள்.

கதவு ரப்பர்களைப் பெயிண்டுக்கு முன்பே மாட்டிப் பாருங்கள். ‘அசல் அளவு’ என்று விற்கும் நகல்களில் பல தடித்தவை. கதவைத் தோள் கொடுத்து மூட வேண்டியிருக்கும். 1990களின் கியா ஸ்போர்ட்டேஜ் கதவு ரப்பர் இதற்கு நன்றாக உட்காரும் என்று இந்த வண்டிக்காரர்கள் நெடுநாளாகப் பயன்படுத்துகிறார்கள்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, அவரும் மொத்தத் தொகை சொல்லவில்லை என்று தெரிகிறது. 1970இல் அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்ற வண்டி இது. 1990களின் பிற்பகுதியில் டாட்சனைத் தயாரித்த நிசானே பழைய 240இசட்களை வாங்கிப் புதுப்பித்து 25,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்றுப் பார்த்தது. சில டஜன் வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. அவர் மொத்தத் தொகையைச் சொல்லும்போது, பாடி வேலை, பெயிண்ட், இன்ஜின், ரப்பரும் குரோமும் என்று நான்காகப் பிரித்து எழுதிக் கேளுங்கள். பாடி வேலை வரிதான் பெரியதாக இருக்க வேண்டும். இன்ஜின் வரி பெரியதாக இருந்தால் அவர் உங்கள் வண்டிக்கு அடியில் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை.