கொரோனா காலத்து தலைவர்களும் நம்ம டிவி சேனல்களும் (கடிதம்)

சார் வணக்கம்,

கொரோனா முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, எனக்கு ஒரு விஷயம் மட்டும் இன்னும் ஆறல. அந்த நேரத்துல ஒவ்வொரு சேனலும் அவங்கவங்க தலைவரை தலையில தூக்கி வச்சு ஆடினாங்க, எதிர்க்கட்சிக்காரன் தும்முனா கூட குத்தம்னாங்க. எங்க வீட்டுலயே அப்பா ஒரு சேனல், நான் ஒரு சேனல், தினம் சண்டை. ஜனங்களும் டிவி சொன்னதை அப்படியே நம்பி யாரு நல்ல தலைவர்னு முடிவு பண்ணிட்டாங்க. மீடியா நேர்மையா இருந்திருந்தா ஜனங்க நினைப்பே வேற மாதிரி இருந்திருக்கும். நீங்க ஏன் இதை எழுதவே இல்ல? இனிமே இப்படி ஒண்ணு வந்தா எந்த சேனலை பாக்குறது?

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம்ங்க,

கட்சிக்கு ஒரு சேனல் இருக்குறது தமிழ்நாட்டுல ரகசியமா என்ன? கலைஞர் டிவி போடுறவருக்கும் நியூஸ் ஜெ போடுறவருக்கும் உள்ள என்ன வரும்னு தெரியும், தெரிஞ்சுதான் போடுறாங்க, உங்க அப்பா உட்பட. லேபிள் ஒட்டி விக்கிற சரக்கு அது, அதை பாத்து எனக்கு பெருசா பயம் இல்ல. கட்சி வித்தியாசம் இல்லாம எல்லா சேனலும் சேந்து ஒரே பக்கம் சாஞ்ச இடம் இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது.

உங்க ஊர் கதையையே எடுத்துக்குங்க. 2020 மே முதல் வாரம் கடலூர் மாவட்டத்துல கேஸ் குபீர்னு ஏறுச்சு, கோயம்பேடு மார்க்கெட்ல மூட்டை தூக்கிட்டு இருந்த நம்ம பக்கத்து ஆளுங்க கிடைச்ச லாரியில ஏறி ஊர் திரும்புன நேரம் அது. எந்த சேனலை திருப்புனாலும் கோயம்பேடு, கோயம்பேடு, என்னமோ அந்த ஆளுங்க சென்னையிலேந்து கொரோனாவை வேணும்னே சுமந்துட்டு வந்த மாதிரி. அதுக்கு கொஞ்ச நாள் முன்ன என்ன நடந்துச்சுன்னு நினைச்சு பாருங்க. ஏப்ரல் 24ஆம் தேதி அரசாங்கம் அறிவிக்குது, 26லேந்து சென்னை, கோவை, மதுரையில நாலு நாள் முழு ஊரடங்கு, மளிகைக்கடை கூட திறக்காதுன்னு. நடுவுல இருக்குறது 25ஆம் தேதி ஒரே நாள், அன்னிக்கு ஜனம் மார்க்கெட்டுக்கும் கடைத்தெருவுக்கும் ஓடாம வேற எங்க ஓடும், சொல்லுங்க. அந்த கூட்டத்தை படம் புடிச்சு பொறுப்பில்லாத ஜனங்கன்னு நாள் பூரா ஓட்டுனாங்க. மே 5 மார்க்கெட்டை மூடுனாங்க. கடையை மாத்த சொன்னோம், வியாபாரிங்க ஒத்துக்கலன்னு முதல்வர் பழனிசாமி சொன்னாரு, எதிர்க்கட்சி அவரை சொல்லுச்சு, சேனல்கள்ல ராத்திரி விவாதம் இந்த ரெண்டுக்கும் நடுவுலயே ஓடுச்சு. இவ்வளவு பெரிய அறிவிப்புக்கு ஏன் ஒரே ஒரு நாள் அவகாசம்னு அழுத்தி கேட்ட விவாதம் நான் பாத்த வரைக்கும் இல்ல. மூட்டை தூக்குறவரை கூப்பிட்டு உக்கார வச்சு, ஏம்பா ஊருக்கு கிளம்புன, அங்க சோத்துக்கு என்ன வழி இருந்துச்சுன்னு கேட்டதும் இல்ல.

மார்ச் கடைசியில, தப்லீக் ஜமாத்ங்கிற முஸ்லிம் அமைப்போட டெல்லி மாநாட்டு விஷயமும் இதே மாதிரிதான். மாநாட்டுக்கு போனவங்க இத்தனை பேர்னு தினமும் தனியா கணக்கு, அதை வச்சு ஒரு மதத்தையே குத்தவாளியா காட்டுன பேச்சு. ஆகஸ்ட்ல பம்பாய் ஹைகோர்ட்டோட அவுரங்காபாத் பெஞ்ச் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க மேல போட்ட வழக்கை ரத்து பண்ணி, இவங்களை பலிகடா ஆக்கியிருக்கீங்க, மீடியாவுல பெரிய பிரச்சாரமே நடந்துச்சுன்னு சொல்லுச்சு. அந்த தீர்ப்புக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குனாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

எங்க புதுச்சேரி கூத்து தனி. நான் இருக்குறது பாகூர் பக்கம், முள்ளோடை தாண்டுனா உங்க மாவட்டம். அப்ப அங்க ஒரு அரசாங்கம்தான், இங்க ரெண்டு. முதல்வர் நாராயணசாமி ஒண்ணு சொல்வாரு, கவர்னர் கிரண் பேடி இன்னொண்ணு சொல்வாங்க, ரேஷனுக்கு இலவச அரிசி குடுக்குறதா, அதுக்கு பதிலா பணம் குடுக்குறதாங்கிற பழைய சண்டை கொரோனாவுலயும் நிக்கல. மஞ்சள் கார்டுக்கு (வறுமைக்கோட்டுக்கு மேல இருக்குறவங்க ரேஷன் கார்டு) அரிசி உண்டா இல்லையாங்கிறதே வாரக்கணக்குல நியூஸ். ரெண்டு பேர் வீடியோவும் வாட்ஸாப்ல டான் டான்னு வந்துடும், அரிசி எப்ப வரும்னு கேட்டா யாருக்கும் தெரியாது. 2021 பிப்ரவரியில பேடியையும் மாத்துனாங்க, ஒரு வாரத்துல நாராயணசாமி ஆட்சியும் கவுந்துச்சு, அதோட முடிஞ்சுது.

இனி ஜனங்க டிவியை நம்பி முடிவு பண்ணாங்கன்னு சொல்றீங்களே, அதுல நான் உங்க கூட இல்ல. பெரிய நெருக்கடி வந்தா மொதல்ல எந்த தலைவருக்கும் ஆதரவு ஏறும், அப்புறம் கரையும். ஜான் முல்லர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970லயே இதை எழுதியிருக்காரு. பயத்துல இருக்குறவன் முன்னாடி நிக்கிறவனை நம்பத்தான் பாப்பான், அதுக்கு சேனல் தேவையில்ல. நியூயார்க் கவர்னர் (அங்க கவர்னர்தான் நம்ம முதல்வர் மாதிரி) ஆண்ட்ரூ கூமோ தினமும் டிவில பேசி ஹீரோ ஆனாரு, அந்த பேச்சுக்கே 2020 நவம்பர்ல டிவிக்காரங்களுக்கு குடுக்குற எம்மி விருது குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல, முதியோர் இல்ல சாவு கணக்கை குறைச்சு காட்டியிருக்காங்கன்னு அந்த மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது அரசு தலைமை வக்கீல், அறிக்கை வந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல பாலியல் புகார்ல பதவி போச்சு, விருதையும் திருப்பி வாங்கிட்டாங்க. அவ்வளவு பெரிய மீடியா வெளிச்சம் அவரை காப்பாத்துச்சா? இங்க கேரளாவுல அப்ப சுகாதார மந்திரியா இருந்த ஷைலஜா டீச்சரை உலகமே புகழ்ந்துச்சு, 2021 சட்டசபை தேர்தல்ல மட்டன்னூர் தொகுதியில அறுபதாயிரம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, ஆனா அவங்க கட்சியே அடுத்த மந்திரிசபையில இடம் குடுக்கல.

நம்ம பக்கம் ஜனங்க பேசுனதை நானும் கேட்டிருக்கேன். ஆயிரம் ரூபா வந்துச்சா, எப்ப வந்துச்சு, ஆஸ்பத்திரியில பெட் கிடைச்சுதா, ஆக்சிஜன் இருந்துச்சா, செத்தவங்க முகத்தையாவது பாக்க விட்டாங்களா. அந்த வரிசையில டிவிக்கு இடம் ரொம்ப கம்மி. உங்க அப்பா எந்த சேனல் பாத்தாலும், ரெண்டாவது அலையில உங்க தெருவுல என்ன நடந்துச்சுன்னு அவர்கிட்ட கேட்டு பாருங்க, அரசியல் இல்லாம பேசுவாரு.

மீடியாவை மொத்தமா திட்டவும் எனக்கு மனசு வரல. 2020 ஜூன்ல சென்னை மாநகராட்சி பதிவுல இருக்குற சாவும் அரசு புல்லட்டின்ல வர்ற சாவும் ஒத்து போகலன்னு நோண்டி எழுதுனது நிருபருங்கதான். கமிட்டி போட்டாங்க, ஜூலை 22 அன்னிக்கு விட்டுப்போன 444 பேரை கணக்குல சேத்தாங்க. அந்த நிருபருங்க யாரும் ராத்திரி விவாதத்துல உக்காந்து கத்துறவங்க இல்ல.

ஏன் எழுதலன்னா, அப்ப எழுதுனா நீ எந்த கட்சின்னுதான் மொத கமெண்ட் வரும், எனக்கு அதுக்கு பதில் சொல்ல தெம்பு இல்ல. எந்த சேனல்னு கேட்டீங்க, ஏதோ ஒண்ணு பாருங்க, அப்பா பாக்குறதையே கூட பாருங்க. தலைவர் பேசி முடிச்சதும் நிருபர் என்ன கேட்டாருன்னு மட்டும் கவனிங்க. கேள்வியே கேக்காம ஸ்டுடியோவுக்கு திரும்பிட்டா ரிமோட்டை எடுத்துடுங்க.